வண்டி நொண்டுவது ஏன்?

புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டெனத் துணிவது அனுமானம். தருக்கம் கற்பிப்போர் யாவரும் முதலிற் கூறும் எடுத்துக்காட்டு இதுவே. கண்ணுக்குத் தெரியும் காரியத்தைக் கொண்டு, தெரியாத காரணத்தை உய்த்துணர்தல் என்பது இதன் கருத்து. இம்முறையை நம்மிற் பலர் ஏட்டில் படித்துத் தேர்வில் எழுதியதோடு விட்டுவிட்டோம். அன்றாட வாழ்வில் அதற்கு வேலை கொடுப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு மோட்டார்ப் பட்டறையில் நிற்கும் நல்ல தொழிலாளி.

இயந்திரவியல் பேச நான் பொறியாளன் அல்லன். தோட்டப் பள்ளியொன்றின் தலைமையாசிரியன். ஆயினும், என் பழைய கார் ஓராண்டுக் காலம் எனக்குக் கற்பித்த பாடம் ஆசிரிய அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

ஒரு மாலைப் பொழுது

பள்ளி முடியும் நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்க முடியாமல் உதடு நீலம் பாரித்தது. நகரத்து மருத்துவமனை 22 கிலோமீட்டர் தொலைவு. பிள்ளையையும் அவன் தாயையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். செம்பனைக் காட்டைக் கடந்து மேட்டுச் சாலையில் ஏறத் தொடங்கியதும் வண்டி நடுங்கிற்று. காலால் எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடவில்லை. நொண்டும் மாட்டைப்போல விட்டுவிட்டு இழுத்தது. என் முன்னே மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. அரைமணியில் சேரவேண்டிய இடத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும், அதற்கு முன் அந்த வண்டியை மூன்று முறை பட்டறைக்கு அனுப்பியிருந்தேன். முதல் முறை 4 பிளக்குகளையும் மாற்றினார்கள். இரண்டாம் முறை பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்றாம் முறை ஒரு காயிலை மாற்றினார்கள். இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு பழைய குறையே திரும்பி வந்தது. ஏறத்தாழ 1,100 வெள்ளி செலவாயிற்று. மூன்று முறையும் பொருள் மாறியதே தவிர, 'ஏன்' என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுள் நானும் ஒருவன்.

இயந்திரம் ஓடும் விதம்

பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்று சொல்லும் இக்குறையை நாம் 'வெடி தவறுதல்' என வழங்கலாம். அதனை அறியுமுன் வெடிப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஓட்டோ 1876-இல் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையே இன்றைய பெட்ரோல் கார்களிலும் அடிப்படை. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அது மேலேறும்போது அக்கலவை அழுத்தப்படுகிறது. அழுத்தம் முற்றும் தறுவாயில் மின்பொறி பாய்ந்து கலவை எரிய, பிஸ்டன் விசையோடு கீழே தள்ளப்படுகிறது. மீண்டும் மேலேறுங்கால் புகை வெளியேறுகிறது. இந்நான்கு வீச்சுகளுள் உழைப்பது ஒன்றே. ஏனைய மூன்றும் அதற்குரிய ஏற்பாடுகள்.

4 சிலிண்டர் உள்ள இயந்திரத்தில், சுழல்தண்டு அரைச்சுற்றுச் சுற்றுந்தோறும் ஏதேனும் ஒரு சிலிண்டர் வெடித்தாக வேண்டும். வண்டி நின்ற நிலையில் நிமிடத்திற்கு 800 சுற்று சுற்றுமாயின், அந்நிமிடத்தில் 1,600 வெடிப்புகள் நிகழ்கின்றன. நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மட்டும் தோள்கொடுக்காது நடந்தால் பல்லக்கு எப்படி ஆடும்? ஒரு சிலிண்டர் வெடி தவறினால் வண்டி நடுங்குவதும் அவ்வாறே.

வெடிப்பு நிகழ மூன்று வேண்டும். முதலாவது, சரியான கலவை. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று சேர்ந்தால் எரிப்பு முழுமை பெறும். இரண்டாவது, போதிய அழுத்தம். மூன்றாவது, உரிய நொடியில் வலுவான பொறி. பேட்டரியின் 12 வோல்ட்டு மின்சாரத்தைக் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி, பிளக்கின் முனையிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டச் செய்கிறது. போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் 1902-இல் உயர் மின்னழுத்தப் பொறிமுறையை ஆக்கியதிலிருந்து கருவிகள் பல மாறின, தத்துவம் மாறவில்லை. ஆகவே வெடி தவறினால் குறை இம்மூன்றனுள் ஒன்றிலேயே இருத்தல் வேண்டும். நான்காவது இடம் இல்லை. இவ்வெல்லையை முதலில் வகுத்துக்கொண்டால் பாதி மயக்கம் தீரும்.

எப்போது? எத்தனை?

நல்ல வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் நோயாளியை வினவுவார். எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டு லோரிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உள்ளார். மருத்துவமனைக்குச் சென்ற மறுநாள் அவரிடம் போய், "அண்ணே, என் வண்டியைக் கொஞ்சம் பாருங்கள்" என்றேன். அவர் முன்மூடியைத் திறக்கவில்லை. "எப்ப நொண்டுதுங்க ஐயா?" என்று கேட்டார்.

அக்கேள்வியின் ஆழம் பின்னரே எனக்குப் புலனாயிற்று. நின்ற நிலையில் மட்டும் நடுங்கி, வேகம் கூடியதும் சீராகுமாயின், காற்று செல்லும் குழாயில் வெடிப்பு இருக்கலாம். நின்ற நிலையில் இயந்திரம் இழுக்கும் காற்று சிறிது. அதனால் வழியில் களவாகப் புகும் காற்று கலவையைப் பெரிதும் கெடுக்கும். வேகம் கூடி உள்ளிழுக்கும் காற்று மிகுந்தபின் அக்களவு பொருட்படாது. மாறாக, மேடேறும்போதும் சுமையிழுக்கும்போதும் மட்டும் நொண்டுமாயின் பொறி வலுவற்றது, அல்லது பெட்ரோல் போதவில்லை என ஐயுறல் வேண்டும். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் கலவை நெருக்கமாகிறது. நெருக்கமான கலவையூடே பொறி பாய மிகுந்த மின்னழுத்தம் தேவை. நலிந்த காயில் சமதரையில் தாக்குப்பிடித்து மேட்டில் தோற்பது இதனாலேதான். மழை நாளில் மட்டும் குறை தோன்றின், வெடிப்புற்ற உறை வழியே மின்சாரம் ஒழுகுகிறது எனலாம். காலையில் முதல் முறை இயக்கும்போது மட்டும் நடுங்கி, வெண்புகையும் மிகுந்து, தண்ணீர்த் தொட்டியிலும் நீர் குறைந்து வந்தால், இரவெல்லாம் நீர் சிலிண்டருக்குள் கசிந்திருக்கக் கூடும்.

அவருடைய இரண்டாவது கேள்வி, "ஒண்ணா, எல்லாமா?" என்பது. எல்லாச் சிலிண்டர்களும் மாறி மாறித் தவறினால் குறை பொதுவானது: பெட்ரோல் பம்பு, வடிகட்டி, காற்றுக் குழாய், நீர் கலந்த பெட்ரோல் முதலியன. ஒன்று மட்டும் தவறினால் குறை அதற்கே உரியது: அதன் பிளக்கு, காயில், பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர், வால்வு ஆகியன. வகுப்பு முழுவதும் ஒரு கணக்கில் தவறினால் ஆசிரியர் தம் கற்பித்தலை நோக்க வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் தவறினால் அப்பிள்ளையை நோக்க வேண்டும். இதனை நாம் பயிற்சிக் கல்லூரியிலேயே படித்தோம் அல்லவா?

மஞ்சள் விளக்கின் மொழி

தவறும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க முற்காலத்தில் இயந்திரம் ஓடும்போதே பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவர். நல்ல சிலிண்டரின் கம்பியைப் பிடுங்கினால் நடுக்கம் மிகும். எதனைப் பிடுங்கியும் மாற்றம் இல்லையோ, அதுவே முன்னமே செத்த சிலிண்டர். இக்காலக் கார்களில் அவ்வாறு செய்தல் ஆகாது. உயர் மின்னழுத்தம் ஆளைத் தாக்குவதோடு காரின் கணினியையும் கெடுக்கும்.

இப்போது அவ்வேலையைக் கணினியே செய்கிறது. சுழல்தண்டின் வேகத்தை ஓர் உணர்கருவி இடைவிடாது அளந்துகொண்டிருக்கும். வெடிக்கவேண்டிய தருணத்தில் வெடிக்காவிட்டால் தண்டு ஒரு நொடியின் சிறு பகுதி தளரும். எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது எனக் கணக்கிட்டு, குறியீடாக எழுதிவைக்கும். அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டிலிருந்து கார்களுக்கும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கும் இவ்வகைப் பொது ஏற்பாடு கட்டாயமாயிற்று. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே 16 துளைகள் உடைய செருகுவாய் ஒன்று இருக்கும். சிறு கருவியொன்றை அங்குச் செருகினால் குறியீட்டைப் படிக்கலாம். பி 0300 எனில் பல சிலிண்டர்கள் ஒழுங்கின்றித் தவறுகின்றன. பி 0301 முதல் பி 0304 வரை எனில் இறுதி எண்ணே சிலிண்டரின் எண். என் வண்டியில் தோன்றியது பி 0302.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். குறியீடு 'இரண்டாம் சிலிண்டர் வெடிக்கவில்லை' என்று மட்டும் கூறும். ஏன் வெடிக்கவில்லை என்று கூறாது. அது வருகைப் பதிவேடு போன்றது. மாணவன் வரவில்லை என்பதைப் பதிவேடு காட்டும். காய்ச்சலா, பேருந்து தவறியதா, வீட்டில் துன்பமா என்பதை நாமே சென்று விசாரித்தல் வேண்டும்.

இடமாற்றுச் சோதனை

பெரியவர் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு தணியும்வரை காத்திருந்தார். பின்பு இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் வைத்தார். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் வைத்தார். வேறெதனையும் தொடவில்லை. குறியீட்டை அழித்துவிட்டு, அதே மேட்டுச் சாலையில் வண்டியை ஓட்டச் சொன்னார்.

வகுப்பில் ஒரு மூலையில் ஓயாது இரைச்சல். அங்கிருக்கும் மாணவனை வேறு பலகைக்கு மாற்றுகிறோம். இரைச்சல் அவனோடு சென்றால் காரணம் அவன்; பழைய மூலையிலேயே நின்றால் காரணம் வேறு. ஒரு காசு செலவில்லாத இச்சோதனை, மூன்று பட்டறைக் கட்டணங்கள் சொல்லாததைச் சொல்லிற்று. திரும்பி வந்து பார்த்தபோது குறியீடு பி 0303 என மாறியிருந்தது. குறை காயிலோடு பயணம் செய்துவிட்டது. ஆகவே குற்றவாளி காயில்.

குறியீடு இரண்டிலேயே நின்றிருந்தால் காயில் குற்றமற்றது. அப்போது பிளக்கை இடமாற்ற வேண்டும். அதற்கும் நகராவிடில் இன்ஜெக்டரை நோக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் இங்கு விதி. காயில், பிளக்கு இரண்டையும் ஒருங்கே மாற்றிக் குறை தீர்ந்தால் வண்டி ஓடும். ஆனால் நாம் ஒன்றும் கற்றவராக மாட்டோம்.

பிளக்கின் முகம்

கழற்றிய பிளக்கை எறிந்துவிடலாகாது. சிலிண்டருக்குள் நடப்பதை அதன் முனை எழுதிக் காட்டும். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நலத்திற்கு அறிகுறி. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி. பெட்ரோலால் நனைந்திருப்பின் எண்ணெய் வந்தது, பொறி வரவில்லை எனலாம். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் வெப்ப மிகுதி; காற்று மிகுந்த கலவையும் அதற்குக் காரணமாகலாம். முனையில் இயந்திர எண்ணெய் பிசுபிசுத்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வின் சீலோ தேய்ந்திருக்கும்.

பொறியும் பெட்ரோலும் குற்றமற்றவை எனத் தெரிந்த பின்பும் குறை நீடித்தால், மூன்றாவதான அழுத்தத்தை அளக்க வேண்டும். பிளக்குத் துளையில் அளவுகருவியைப் பொருத்தி இயந்திரத்தைச் சுழற்றுவர். மூன்று சிலிண்டர்கள் சதுர அங்குலத்திற்கு 180 இறாத்தல் அளவில் காட்ட, ஒன்று மட்டும் 120 காட்டினால் நோய் அங்கேதான். அதனுள் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அளவு உயர்ந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்தது எனப் பொருள். ஆகவே ரிங்கு தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வோ கேஸ்கெட்டோ பழுது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்திருப்பின் இடையிலுள்ள கேஸ்கெட் கிழிந்திருக்கும். இயந்திரத்தைப் பிரிக்காமலேயே அதன் உள்ளுறுப்பை அறியும் இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது.

காரணத்தின் காரணம்

என் கதைக்கு வருவோம். காயில் கெட்டது எனத் தெரிந்ததும், "புதுசு வாங்கிடலாமா அண்ணே?" என்றேன். பெரியவர் தலையசைத்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் புதுசு போட்டீங்க. புதுசு ஏன் கெட்டுச்சு?"

பிறகு கைவிளக்கை அடித்து, இரண்டாம் பிளக்கு அமர்ந்திருக்கும் ஆழ்ந்த குழிக்குள் பார்க்கச் சொன்னார். அடியில் கருத்த எண்ணெய் தேங்கி நின்றது. ஏனைய மூன்று குழிகளும் உலர்ந்திருந்தன. இயந்திரத்தின் மேல்மூடிக்கு அடியில் அக்குழியைச் சுற்றி வளையம்போல் ஒரு ரப்பர் சீல் உண்டு. அது முதுமையால் இறுகி வெடித்து எண்ணெயைக் கசியவிட்டிருந்தது. அவ்வெண்ணெய் காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்து மென்மையாக்க, மின்சாரம் பிளக்கின் முனைக்குச் செல்லாமல் பக்கவாட்டில் ஒழுகிற்று. பட்டறையில் மாற்றிய புதுக் காயிலும் அதே எண்ணெயில் ஊறி அதே வழியே சென்றது. கவனிக்க: எண்ணெய் பிளக்கின் முனையில் இல்லை, வெளிப்புறத்தில் இருந்தது. முனையில் இருந்தால் இயந்திரத்தையே பிரிக்க நேரும். வெளிப்புறம் எனில் ஒரு சீலோடு போயிற்று. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் வீணே ஆயிரக்கணக்கில் செலவிடக் கூடும்.

சீல்களை மாற்றினோம், குழியைத் துடைத்தோம், அதன் பின்னரே புதுக் காயில் பொருத்தினோம். சீல்களின் விலை 60 வெள்ளி. ஒன்றரை ஆண்டு கடந்தது. அந்த விளக்கு மீண்டும் எரியவில்லை.

ஓர் எச்சரிக்கை

விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறையை நாடலாம். மினுக்கினால் அது கடும் எச்சரிக்கை. வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள மாசு நீக்கிக்குள் சென்று அங்கே எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய அதன் தேனடை போன்ற உட்பகுதி அவ்வெப்பத்தில் உருகிவிடும். காயிலுக்குக் கொடுக்க மனமில்லாதவர் பன்மடங்கு இதற்குக் கொடுக்க நேரும். அந்நிலையில் வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்துவதும் தீவிபத்துக்கு இடமாகும். அன்று நான் நிறுத்தாமல் ஓட்டினேன். பிள்ளையின் மூச்சு மாசு நீக்கியினும் பெரிது. அத்தகைய நிலை எனக்கு வந்தது, குறையை முன்னரே நாடாத என் சோம்பலால்.

வகுப்பறைக்கு வருவோம்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த வரிசையை ஆண்டுதோறும் நாம் கற்பிக்கிறோம். நோய் எது, அது வந்த காரணம் எது, தணிக்கும் வழி எது என்பதே அவ்வரிசை. பட்டறைகள் முதலாவதிலிருந்து மூன்றாவதற்குத் தாவின. நடுப்படியை விட்டதே என் 1,100 வெள்ளியின் கதை.

ஆனால் பட்டறைக்காரர்களை மட்டும் குறை கூற எனக்கு வாயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் வாசிக்கத் திணறிய சிறுமி ஒருத்தியைப் பின்தங்கியவள் எனக் குறித்தோம். கூடுதல் வகுப்பு வைத்தோம். பயிற்சி நூலை மாற்றினோம். பின்னர் ஆசிரியரையும் மாற்றினோம். ஒரு நாள் தற்செயலாக முன் பலகையில் அமர்ந்தவள் கரும்பலகையைத் தடையின்றி வாசித்தாள். குறை இடத்தோடு மாறிவிட்டது! கண்ணைச் சோதித்தபோது கிட்டப்பார்வை எனத் தெரிந்தது. கண்ணாடி அணிந்த அதே ஆண்டில் அவள் வகுப்போடு சேர்ந்துகொண்டாள். அதற்கு முன் நாங்கள் மாற்றியவை யாவும் குறையற்ற பிளக்குகளே.

வண்டிக்காயின் இழப்பு சில நூறு வெள்ளி. பிள்ளைக்காயின் இழப்பு ஆண்டுகள். அவற்றை எந்தப் பட்டறையிலும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே ஒரு குறை கண்டவுடன், எதை மாற்றலாம் என்று கை நீளுமுன், எப்போது நிகழ்கிறது, யாருக்கு நிகழ்கிறது, எதனை இடம் மாற்றினால் அது உடன் வருகிறது என மூன்று கேள்வி கேட்போம். விடை கிடைத்தபின், அப்பெரியவர் கேட்டதுபோல 'அது ஏன் கெட்டது' என்று நான்காவதாகவும் ஒன்று கேட்போம்.